முதல் சுற்றில் முடிந்த கடைசி ஆட்டம்!

குட்டீஸ், நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? அடிவாரத்தில் காரவள்ளியைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பமாகும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனால் மொத்தம் 70! தலை சுற்றி முடியும்போது மேலே வந்துவிடுவோம். ஜில்லென்ற காற்று, சில்வர் ஓக் மரங்களைச் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடி, மர நிழலில் காபிச் செடி, சாலையோரம் அன்னாசிப் பழக் குவியல், பலாப்பழ வாசனை... ஆஹா!

நீங்கள் அந்த மலையில், செம்மேட்டில் 8ஆம் வகுப்பு படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு டென்னிஸ் என்றால் உயிர். ஆனால், போட்டி நடப்பதோ பாரிஸ் நகரில். டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்க முடியுமா? முடியாது. அதற்காக ரசிகராக இருக்க முடியாதா என்ன? தாராளமாக முடியும்! ஒரு நோட்டு, ஒரு பேனா, கொஞ்சம் பொறுமை. இவ்வளவுதான் வேண்டும்.

எப்படி என்று பார்க்க, 2025ஆம் ஆண்டு அக்டோபர் கடைசியில் நடந்த பாரிஸ் மாஸ்டர்ஸ் போட்டியையே எடுத்துக்கொள்வோம். அதில் நம் நாட்டு வீரர் ஒருவர் ஆடினார். அவரும் ஒரு காபி மலைக்காரர்தான்!

கூரைக்குக் கீழே டென்னிஸ்

விம்பிள்டன், பிரெஞ்சு ஓபன் போன்ற பெரிய போட்டிகள் எல்லாம் திறந்தவெளியில் நடப்பவை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை நடந்த சென்னை ஓபன் போட்டியும் அப்படித்தான். ஆனால், அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஐரோப்பாவில் குளிர் வாட்டி எடுக்கும். வெளியே நின்று ஆட முடியாது. அதனால் அந்த மாதங்களில் நடக்கும் போட்டிகளைக் கூரை போட்ட பெரிய அரங்கத்துக்குள் வைத்து விடுகிறார்கள். இதுதான் உள்ளரங்கு டென்னிஸ்.

பாரிஸ் மாஸ்டர்ஸ் போட்டி 1986ல் தொடங்கியது. பல ஆண்டுகள் பெர்சி என்ற இடத்தில் இருந்த அரங்கத்தில் நடந்தது. அந்தக் கட்டடத்தின் சாய்வான வெளிச்சுவர்களில் பச்சைப் பசேல் என்று புல் வளர்ந்திருக்கும்! 2025ல் போட்டி அங்கிருந்து நான்டெர் என்ற ஊரில் உள்ள லா டிபான்ஸ் அரங்கத்துக்கு மாறியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் நீச்சல் போட்டிகள் நடந்ததே, அதே அரங்கம்தான். நீச்சல் குளம் இருந்த இடத்தில் டென்னிஸ் தளம்!

கூரைக்குள் ஆடுவதில் என்ன வித்தியாசம்? கொல்லிமலையில் காற்றடிக்கும் நாளில் ஒரு பந்தை நேராக மேலே தூக்கிப் போட்டுப் பாருங்கள். போட்ட இடத்திலேயே வந்து விழுகிறதா? கொஞ்சம் தள்ளித்தான் விழும். டென்னிசில் ஒவ்வொரு சர்வீசுக்கும் பந்தை இப்படித் தூக்கிப் போட்டுத்தான் அடிக்க வேண்டும். வெளியில் காற்று அதைத் தள்ளும். வெயில் கண்ணைக் கூசச் செய்யும். உள்ளரங்கில் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. அதனால் பலமாகச் சர்வீஸ் போடும் வீரர்களுக்கு உள்ளரங்கு என்றால் கொண்டாட்டம். அவர்கள் போடும் பந்து, நம் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் அம்பு மாதிரி பாயும்!

குடகு மலைப் பையன்

இப்போது நம் வீரரைப் பார்ப்போம். அவர் பெயர் ரோகன் போபண்ணா. 1980 மார்ச் 4ல் பிறந்தவர். வளர்ந்தது கர்நாடகாவின் குடகு மலையில். அப்பாவுக்குக் காபித் தோட்டம். குடகு என்றதும் உங்களுக்கு ஒன்று ஞாபகம் வர வேண்டுமே! ஆமாம், நம் காவிரி பிறக்கும் தலைக்காவிரி அங்கேதான் இருக்கிறது. அங்கே பிறந்த காவிரி, நாமக்கல் மாவட்டத்தின் ஓரமாக மோகனூர் வழியாக ஓடுகிறது. கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவியில் விழும் அய்யாற்றுத் தண்ணீரும் கடைசியில் காவிரியோடுதான் சேர்கிறது. ஆக, போபண்ணா நமக்கு ஆற்று வழிச் சொந்தக்காரர்!

மலையில் பெரிய பயிற்சிக்கூடம் எல்லாம் கிடையாது. சர்வீசில் பலம் வேண்டும் என்பதற்காக போபண்ணா விறகு பிளந்தார். மூச்சு வாங்காமல் ஓட வேண்டும் என்பதற்காகக் காபித் தோட்டங்களுக்கு நடுவே ஓடினார். விரிசல் விட்ட தளங்களில் ஆடிப் பழகினார். இதை எல்லாம் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். 2003ல் தொழில்முறை வீரர் ஆனார். இரட்டையர் ஆட்டத்தில்தான் அவருக்குப் பெரும் புகழ் கிடைத்தது. ஒரு பக்கத்துக்கு இரண்டு பேராக, நாலு பேர் ஆடுவதே இரட்டையர் ஆட்டம்.

நேற்று நண்பர், இன்று எதிராளி!

பாரிஸ் உள்ளரங்கம் போபண்ணாவுக்கு ராசியான இடம். உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இந்தப் பழைய கதையை எழுதி வையுங்கள்.

2011ல் போபண்ணாவின் ஜோடி, பாகிஸ்தான் வீரர் ஐசாம் குரேஷி. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பக்கத்தில்! இருவரும், 'போரை நிறுத்துங்கள், டென்னிஸ் ஆடுங்கள்' என்று உலகத்துக்குச் சொன்னார்கள். அந்த ஆண்டு பாரிஸ் இறுதிப் போட்டியில் இவர்கள் மோதியது பிரான்ஸ் நாட்டு ஜோடியோடு. அரங்கமே எதிராளிகளுக்காகக் கத்தியது. ஆனாலும், 6-2, 6-4 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள்.

அடுத்த ஆண்டு, 2012. போபண்ணா ஜோடி மாற்றிக்கொண்டு, சென்னையில் பிறந்த மகேஷ் பூபதியுடன் சேர்ந்து ஆடினார். மீண்டும் பாரிஸ் இறுதிப் போட்டி. வலைக்கு அந்தப் பக்கம் நிற்பது யார் தெரியுமா? அதே குரேஷி! நெதர்லாந்து வீரர் ரோஜருடன் வந்திருந்தார். போன வருஷம் ஒன்றாகக் கோப்பையைப் பிடித்த இரண்டு கைகள், இந்த வருஷம் எதிரெதிரே மட்டையைப் பிடித்தன. போபண்ணா - பூபதி ஜோடி நேர் செட்களில் வென்றது.

அதே நவம்பரில் லண்டனில் ஆண்டின் சிறந்த 8 ஜோடிகள் மட்டும் மோதும் உள்ளரங்குப் போட்டி. போபண்ணா - பூபதி அதிலும் இறுதிவரை போனார்கள். ஆனால், ஸ்பெயின் ஜோடியிடம் தோற்றார்கள். 2015ல் ருமேனியாவின் மெர்ஜியாவுடன் மறுபடியும் அதே போட்டியில் இறுதிக்குப் போனார் போபண்ணா. மறுபடியும் தோல்வி!

பார்த்தீர்களா, நோட்டில் வெற்றியை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் இருக்கும்.

பாரிசில் மணி என்ன?

சரி, 2025க்கு வருவோம். நீங்கள் கொல்லிமலையில். ஆட்டம் பாரிசில். எத்தனை மணிக்கு டி.வி. முன்னால் உட்கார வேண்டும்? இதற்கு ஒரு சின்னக் கணக்கு.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியானால் ஒரு மணிக்கு 15 பாகை. நம் நாட்டு நேரம் 82.5 பாகை கிழக்குக் கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 82.5ஐ 15ஆல் வகுத்தால் ஐந்தரை. அதாவது உலகப் பொது நேரத்தைவிட நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். குளிர்காலத்தில் பாரிஸ் ஒரு மணி நேரம் முன்னால். கழித்தால், நாலரை மணி நேரம்.

ஜாக்கிரதை! கோடைக்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்வார்கள். அப்போது வித்தியாசம் மூன்றரை மணி நேரம்தான். அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி மாற்றி விடுவார்கள். 2025ல் அந்த ஞாயிறு அக்டோபர் 26. மறுநாள் திங்கட்கிழமை முக்கிய ஆட்டங்கள் ஆரம்பம். கடிகாரம் மாறியது தெரியாத ரசிகர் ஒரு மணி நேரம் ஏமாந்திருப்பார்!

அங்கே காலை 11 மணி என்றால் இங்கே மாலை 3:30. பள்ளி முடியும் நேரத்தில் ஆட்டம் தொடங்கும். அங்கே இரவு 7 மணி ஆட்டம் என்றால் இங்கே 11:30. அந்த ஆட்டத்துக்காக விழித்திருந்தால் மறுநாள் கணக்கு வகுப்பில் தூங்கி விழ வேண்டியதுதான். பேசாமல் படுத்துத் தூங்குங்கள். காலையில் எழுந்து முடிவைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளலாம். மலையில் சிக்னல் கிடைக்காத நாளிலும் கவலை வேண்டாம். செய்தித்தாளில் ஸ்கோர் வரும். ஸ்கோரைப் படிக்கத் தெரிந்தால் ஆட்டத்தையே பார்த்த மாதிரி!

ஸ்கோர் பேசும்!

போபண்ணாவுக்கு அப்போது வயது 45. இந்த முறை அவருடைய ஜோடி கஜகஸ்தானின் அலெக்சாண்டர் பப்ளிக். முதல் சுற்றில் எதிராளிகள் ஆஸ்திரேலியாவின் ஜான் பியர்ஸ், அமெரிக்காவின் டிரேசி.

முடிவு: போபண்ணா ஜோடி தோல்வி. 7-5, 2-6, 8-10.

ஒரே வரிதான். இதை எப்படிப் படிப்பது?

முதலில் 7-5. ஒரு செட்டை வெல்ல 6 கேம் எடுக்க வேண்டும். எதிராளியைவிட இரண்டாவது கூடுதலாக இருக்க வேண்டும். 5-5 என்று சமமாக வந்து, அதற்குப் பிறகு இரண்டு கேமை நம்மவர்கள் பிடுங்கியிருக்கிறார்கள். கடும் போராட்டம் நடந்திருக்கிறது என்று தெரிகிறதா?

அடுத்தது 2-6. எதிராளிகள் சுதாரித்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு செட்.

கடைசியில் 8-10. இது கேம் கணக்கு இல்லை, பாயிண்ட் கணக்கு. இந்தப் போட்டியின் இரட்டையர் ஆட்டத்தில் செட் சமமானால், மூன்றாவது முழு செட் ஆட மாட்டார்கள். அதற்குப் பதில் டை-பிரேக்கர். முதலில் 10 பாயிண்ட் எடுத்து, இரண்டு பாயிண்ட் முன்னால் இருப்பவர்களுக்கு வெற்றி. நம்மவர்கள் 8 வரை வந்துவிட்டார்கள். இன்னும் இரண்டே பாயிண்ட் எடுத்திருந்தால் 10ஐத் தொட்டிருக்கலாம். அவ்வளவு பக்கத்தில் வந்து தோற்றார்கள்.

முதல் சுற்றுத் தோல்விதானே என்று நிறையப் பேர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

யாருக்கும் தெரியவில்லை!

நவம்பர் 1ஆம் தேதி ஒரு செய்தி வந்தது. ரோகன் போபண்ணா ஓய்வு பெறுகிறார்!

அப்படியானால் பாரிசில் அவர் ஆடிய அந்த முதல் சுற்று ஆட்டம்தான் கடைசி ஆட்டம். 20 ஆண்டுகளுக்கு மேல் ஆடியவருக்கு அன்று பிரிவு உபசார விழா எதுவும் நடக்கவில்லை. அது கடைசி ஆட்டம் என்பது பார்த்தவர்களுக்கே தெரியாது.

முதல் சுற்று என்று அலட்சியம் செய்யாமல், மாலை நேரத்தில் உட்கார்ந்து அந்த 8-10 வரை பார்த்த ரசிகரை நினைத்துப் பாருங்கள். அவர் ஓர் அரிய காட்சியைப் பார்த்திருக்கிறார்! இறுதிப் போட்டியை மட்டும் பார்ப்போம் என்று காத்திருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

இன்னொரு விஷயம். போபண்ணா எப்போதோ ஆட்டத்தை விட்டிருப்பார். அவருடைய முழங்கால்களில் குருத்தெலும்பு தேய்ந்துபோய், வலி உயிர் போகும். 2021ல் தொடர்ந்து தோல்விகள். 'போதும், விட்டுவிடலாம்' என்றுகூட நினைத்தாராம். ஆனால், யோகா பயின்று கால்களைப் பலப்படுத்திக்கொண்டார். 2023ல் அமெரிக்க ஓபன் இறுதிப் போட்டி வரை போய்த் தோற்றார். அடுத்த நாலு மாதத்தில், 2024 ஜனவரியில், ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனுடன் ஆஸ்திரேலிய ஓபன் கோப்பையை வென்றார். அப்போது வயது 43. அந்த வயதில் முதன்முறையாக இரட்டையர் தரவரிசையில் உலகின் நம்பர் 1! அதற்கு முன் யாரும் அவ்வளவு வயதில் முதல் முறையாக அந்த இடத்தைப் பிடித்ததில்லை.

2021ல் 'இவர் அவ்வளவுதான்' என்று நோட்டை மூடிய ரசிகர், 2024ஐக் கோட்டை விட்டிருப்பார்.

31 பேர் அழுவார்களா?

ஒரு புதிர். ஒரு போட்டியில் 32 ஜோடிகள். தோற்றால் வெளியே. மொத்தம் எத்தனை ஆட்டங்கள் நடக்கும்?

முதல் சுற்றில் 16, அடுத்து 8, பிறகு 4, 2, 1 என்று கூட்டினால் 31 வரும். கூட்டாமலேயே சொல்ல ஒரு சுலப வழி இருக்கிறது. ஒரு ஆட்டம் நடந்தால் ஒரு ஜோடி வெளியேறும். கடைசியில் ஒரே ஒரு ஜோடி மிஞ்ச, 31 ஜோடிகள் வெளியேற வேண்டும். ஆக, 31 ஆட்டங்கள்!

இதிலிருந்து இன்னொன்றும் புரிகிறது, இல்லையா? எந்தப் போட்டியாக இருந்தாலும் ஒரே ஒரு ஜோடிதான் தோற்காமல் வீட்டுக்குப் போகும். மற்ற எல்லாரும் தோற்றுத்தான் போக வேண்டும். தோற்றால் பிடிக்காது என்று சொல்லும் ரசிகருக்கு, வருஷம் முழுவதும் அழுகைதான் மிஞ்சும்! நன்றாக ஆடினாரா, 2-6 என்று இழந்த பிறகும் 8 வரை விடாமல் போராடினாரா என்று பார்க்கும் ரசிகருக்கு ஒவ்வொரு நாளும் விருந்துதான்.

கோப்பை யாருக்கு?

அந்த ஆண்டு பாரிஸ் ஒற்றையர் கோப்பையை வென்றவர் இத்தாலியின் யானிக் சின்னர். நவம்பர் 2ல் நடந்த இறுதிப் போட்டியில் கனடாவின் ஆகர் அலியாசிமை நேர் செட்களில் வீழ்த்தினார்.

சின்னர் எந்த ஊர் தெரியுமா? ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் ஒரு சின்ன ஊர்! அப்பா பனிச்சறுக்கு விடுதியில் சமையல்காரர்; அம்மா அங்கே உணவு பரிமாறினார். சின்னர் சிறு வயதில் பனிச்சறுக்கில் கெட்டிக்காரர். 13 வயதில்தான் டென்னிஸ் போதும் என்று முடிவெடுத்தார். ஆக, அந்த வாரம் ஒரு மலைக்காரர் விடைபெற்றார். இன்னொரு மலைக்காரர் கோப்பையைத் தூக்கினார். கொல்லிமலைக் குட்டீஸ், கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்!

உங்களுக்குத் தெரியுமா?

* சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலும் உள்ளரங்குப் போட்டி நடக்கிறது. அங்கே பந்து பொறுக்கிப் போடும் பையனாக இருந்தவர் ரோஜர் பெடரர். வளர்ந்த பிறகு அதே போட்டியை 10 முறை வென்றார். வென்றதும் பந்து பொறுக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பீட்சா சாப்பிடுவார்!

* உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறையும். பந்துக்குத் தடை குறைவதால் வேகமாகப் பறக்கும். அதனால் சுமார் 1,219 மீட்டருக்கு மேல் உள்ள இடங்களுக்கு என்றே தனி வகை டென்னிஸ் பந்து இருக்கிறது. கொல்லிமலை ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். அதாவது, மலையின் உச்சிப் பகுதிகளில் ஆடினால் அந்தப் பந்துதான் சரி!

* 2017ல் நடந்த சென்னை ஓபனில் இரட்டையர் கோப்பையை வென்ற ஜோடி எது? போபண்ணாவும், சென்னை வீரர் ஜீவன் நெடுஞ்செழியனும்தான்.

இனி உங்கள் முறை!

அடுத்த உள்ளரங்குப் போட்டி வரும்போது ஒரு 40 பக்க நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீரரையோ ஜோடியையோ தேர்ந்தெடுங்கள். நம்பர் 1 வீரரைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. யாரும் கவனிக்காத ஒருவரை எடுத்தால் இன்னும் சுவாரசியம். தேதி, சுற்று, எதிராளி, ஸ்கோர், பாரிஸ் மணி, நம் மணி எல்லாவற்றையும் எழுதுங்கள். பக்கத்தில், 'இன்று எனக்குப் பிடித்தது' என்று ஒரே ஒரு வரி.

அவர் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாரா? நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த ஸ்கோரையும் அழகாக எழுதி வையுங்கள். அடுத்த வாரம் வேறு ஊரில் அவர் மறுபடி ஆடுவார். கொல்லிமலைப் பாதை மாதிரிதான் இதுவும். ஒரு வளைவில் பஸ் திணறி நின்றால் பயணம் முடிந்துவிடுமா என்ன? இன்னும் எத்தனையோ வளைவு பாக்கி இருக்கிறதே!

என்ன குட்டீஸ், நோட்டு ரெடியா?